0.5 ஓம் காயில், 4.2 வோல்ட், தொண்டை கருகுகிறது: எங்கே தப்பு?

மான்செஸ்டர் கோத்தகிரி:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் கோத்தகிரி, ஆறு வருடமாக மான்செஸ்டரில் வேலை. இதை இங்கே கேட்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். திட்டினாலும் நம்ம ஊர் ஆட்கள் தமிழில் திட்டுவீர்கள், அதனால் கேட்டுவிடுகிறேன்.

ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட் பிடித்தவன் நான். எட்டு மாதத்துக்கு முன் அதை விட்டு வேப்புக்கு, அதாவது மின் சிகரெட்டுக்கு, மாறினேன். இந்த நாட்டில் சிகரெட்டை விடுவதற்கு அரசு மருத்துவத் துறையே அதை ஒரு வழியாகச் சொல்கிறது, மருந்துக்கடையில் கேட்டால் கூச்சப்படாமல் விளக்குவார்கள். முதலில் வைத்திருந்தது பேனா மாதிரி ஒன்று. காயில் (பஞ்சில் ஊறிய லிக்விட்டைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருள்) 1.8 ஓம், 4.2 வோல்ட்டில் வைத்து இழுப்பேன், ஒரு குறையும் இல்லை. போன வாரம் அது கீழே விழுந்து செத்துப்போனதால் பெட்டி வடிவத்தில் ஒன்று வாங்கினேன், வோல்ட்டைக் கூட்டிக் குறைக்க பட்டன் இருக்கிறது. இதில் காயில் 0.5 ஓம். பழைய பழக்கத்தில் அதே 4.2 வோல்ட், அதே லிக்விட், மில்லிலிட்டருக்கு 18 மில்லிகிராம் நிக்கோட்டின். மூன்றாவது இழுப்பிலேயே பஞ்சு கருகிய வாடை, தொண்டையில் நெருப்பு வைத்த மாதிரி, கூடவே தலை சுற்றல். இரண்டு காயில் இப்படியே போயிற்று.

அடுத்த மாதம் அம்மாவைப் பார்க்க ஊருக்கு வருகிறேன். டிசம்பர் குளிரில், அந்த உயரத்தில், எத்தனை வோல்ட்டில் வைப்பது? குறைக்க வேண்டுமா, கூட்ட வேண்டுமா?

கேத்தி 77:

சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு புகைக்கு வோல்ட் கேட்கும் முதல் ஆள் நீங்கள்தான். கோத்தகிரியில் காலையில் வாயைத் திறந்தாலே புகை வருமே ஐயா, பத்தாதா?

குன்னூர் டு துபாய்:

கேத்தி அண்ணா, முதலில் அந்த ஆளுக்குப் பதில் சொல்லிவிடுவோம், கிண்டல் அப்புறம்.

நண்பா, தப்பு ஒரே இடத்தில்தான். வோல்ட்டை மட்டும் பார்த்திருக்கிறீர்கள், ஓமைப் பார்க்கவில்லை. காயிலில் எவ்வளவு சூடு பிறக்கும் என்பதற்குக் கணக்கு: வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட். பழைய பேனா: 4.2 பெருக்கல் 4.2, வகுத்தல் 1.8. ஏறக்குறைய 10 வாட். புதியது: அதே 4.2 பெருக்கல் 4.2, வகுத்தல் 0.5. 35 வாட்! மூன்றரை மடங்கு. உங்கள் காயில் மேல் பொடி எழுத்தில் ஏதாவது எழுதியிருக்கும், பாருங்கள். இந்த ரகம் பெரும்பாலும் 20 முதல் 30 வாட் வரைதான் தாங்கும்.

ஆக நீங்கள் வைக்க வேண்டியது 3.2 வோல்ட் (20 வாட் சொச்சம்) தொடங்கி, மெதுவாக 3.5 வரை (24.5 வாட்). 3.8 போனால் 29, அது உச்சி. கீழிருந்து மேலே ஏற வேண்டும், மேலிருந்து இறங்கினால் காயில் செத்துவிடும், ஒரு முறை பஞ்சு கருகிவிட்டால் அப்புறம் எவ்வளவு குறைத்தாலும் அந்த வாடை போகாது. உங்கள் இரண்டு காயிலும் அப்படித்தான் போயிருக்கும்.

தலை சுற்றலுக்குக் காரணம் வேறு. 10 வாட்டில் 18 மில்லிகிராம் சரி. 25 வாட்டில் ஒரு இழுப்புக்கு வரும் ஆவியே பல மடங்கு, அதோடு 18 மில்லிகிராம் சேர்ந்தால் தலை சுற்றாமல் என்ன செய்யும். குறைந்த ஓமுக்கு மாறினால் நிக்கோட்டினை 6 அல்லது 3-க்கு இறக்க வேண்டும். இதைக் கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும்.

லவ்டேல் வயர்மேன்:

எனக்கு இந்தப் புகைச் சமாச்சாரம் எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆனால் மேலே எழுதியிருக்கும் கணக்கைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தைந்து வருடமாக நான் ரூம் ஹீட்டருக்குக் காயில் மாற்றுகிறேன், இதே கணக்குத்தான்.

தம்பி, உங்களுக்குப் புரிகிற மாதிரி என் சொந்தக் கதை ஒன்று சொல்கிறேன். 1000 வாட் ஹீட்டர் காயில் 230 வோல்ட்டுக்குச் செய்தது, சுமார் 53 ஓம் இருக்கும். நம் பக்கம் டிரான்ஸ்ஃபார்மருக்குத் தூரமான ஹட்டிகளில் (படகர் ஊர்களில்) சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் கீசரும் ஹீட்டரும் ஒன்றாக ஓடும், வோல்ட்டேஜ் 170-க்கு இறங்கும். 170-ஐ 170-ஆல் பெருக்கி 53-ஆல் வகுத்துப் பாருங்கள், 545 வாட். வோல்ட் கால்வாசி குறைந்தால் சூடு பாதியாகிவிடுகிறது. காயில் மங்கலாகச் செங்கல் நிறத்தில் நிற்கும், கை நீட்டினால்கூடச் சூடு தெரியாது.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரியவர் கேட்டார், கூடுதல் சூடு வேண்டும் என்று. நான் புத்திசாலி மாதிரி காயிலைப் பாதியாக வெட்டி மாட்டிக் கொடுத்தேன். 26.5 ஓம். 170 வோல்ட்டில் 1090 வாட், காயில் தகதகவென்று எரிந்தது, பெரியவர் டீ கொடுத்து அனுப்பினார். ராத்திரி பதினொரு மணிக்கு ஊர் அடங்கியதும் வோல்ட்டேஜ் 235-க்கு ஏறிவிட்டது. இப்போது கணக்குப் போடுங்கள். 2080 வாட். கிட்டத்தட்ட 9 ஆம்பியர், அதுவும் 6 ஆம்பியர் பிளக்கில். பிளக் உருகி, சுவரில் கரி பிடித்து, நல்லவேளை அவர் மருமகள் வாடை வந்து எழுந்தாள். காலையில் என்னைக் கூப்பிட்டு அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அந்த உருகிய பிளக்கை மட்டும் கையில் கொடுத்தார். அது இன்னும் என் கருவிப் பெட்டியில் கிடக்கிறது.

ஓமைக் குறைத்தால் அதே வோல்ட்டில் சூடு ஏறும், அவ்வளவுதான் விஷயம். உங்கள் தொண்டைதான் அந்தப் பிளக்.

எமரால்டு பையன்:

அண்ணா, கடைசி வரி 😂

ஒரு சந்தேகம். ஓம் குறைந்தால் சூடு கூடுமா குறையுமா? தடை கூடினால்தானே சூடு கூடும் என்று பள்ளியில் படித்தேன், மின்னோட்டத்தின் வர்க்கம் பெருக்கல் மின்தடை.

லவ்டேல் வயர்மேன்:

தம்பி, ரெண்டும் சரிதான். மின்னோட்டம் மாறாமல் இருந்தால் நீ சொன்ன மாதிரி. ஆனால் சுவரில் இருந்து வருவது வோல்ட், பேட்டரியில் இருந்து வருவதும் வோல்ட். ஓமைக் குறைத்தால் மின்னோட்டம் கூடிவிடும், அதன் வர்க்கம் அதைவிட வேகமாக ஏறும். பரீட்சையில் இதைக் கேட்டால் என் பேரைச் சொல்லாதே.

மான்செஸ்டர் கோத்தகிரி:

எல்லோருக்கும் நன்றி. பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், 20 முதல் 30 வாட் என்றுதான் போட்டிருக்கிறது. புதுக் காயில் போட்டு 3.2-ல் ஆரம்பித்தேன், நிக்கோட்டினை 6-க்கு இறக்கினேன். கருகல் இல்லை. ஆனால் நான்கு இழுப்பு தொடர்ந்து இழுத்தால் லேசாக வறண்ட சுவை வருகிறது, காலையில் வேலைக்குப் போகும்போது மட்டும். மத்தியானம் வருவதில்லை. பேட்டரியா?

இன்னொன்று, என்னிடம் இருக்கும் மல்டிமீட்டரில் காயிலை அளந்தேன், 0.8 ஓம் காட்டுகிறது. 0.5 என்று போட்டு ஏமாற்றுகிறார்களா?

குன்னூர் டு துபாய்:

காலையில் மட்டும் என்றால் குளிர். லிக்விட்டில் இரண்டு சாமான் இருக்கிறது, பி.ஜி. என்கிற புரொப்பிலீன் கிளைக்கால், வி.ஜி. என்கிற கிளிசரின். பி.ஜி. தண்ணியாக ஓடும், கிளிசரின் பாகு மாதிரி. வெல்லப்பாகைப் பனியில் வைத்த மாதிரிதான், குளிர்ந்தால் இறுகும். நீங்கள் ஒரு இழுப்பு இழுத்ததும் பஞ்சில் இருந்த லிக்விட் ஆவியாகிவிட்டது, அடுத்தது டேங்கிலிருந்து ஊறி வர வேண்டும். குளிரில் அது மெதுவாக ஊறும். ஊறுவதற்குள் பட்டனை அழுத்தினால் வெறும் பஞ்சு சூடாகும். அதுதான் அந்த வறண்ட சுவை.

வோல்ட் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள், பஞ்சு எவ்வளவு வேகமாக ஊறும் என்று யாரும் கேட்பதில்லை. சூடு கொடுக்கும் வேகமும் லிக்விட் வந்து சேரும் வேகமும் பொருந்த வேண்டும், அதுதான் மொத்தக் கலையும். குளிர் காலையில் ஒன்று கிளிசரின் குறைவான லிக்விட் (பாதிக்குப் பாதி கலந்தது) போடுங்கள், அல்லது 0.2 வோல்ட் குறையுங்கள், அல்லது இழுப்புக்கு இழுப்பு அரை நிமிடம் விடுங்கள். பெட்டியைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பேட்டரிக்கும் குளிர் ஆகாதுதான், உள்தடை கூடும், அழுத்தியதும் வோல்ட் தொய்யும். ஆனால் உங்களுக்கு வந்தது சூடு போதாமை இல்லையே, சூடு அதிகம்.

லவ்டேல் வயர்மேன்:

மீட்டர் கேள்விக்கு நான் சொல்கிறேன். யாரும் ஏமாற்றவில்லை. மீட்டரின் சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் ஒன்றோடொன்று தொட வைத்துப் பாருங்கள். பூஜ்யம் வராது, 0.2 அல்லது 0.3 காட்டும். அது வயருடைய தடை. 53 ஓம் ஹீட்டர் காயிலை அளக்கும்போது அதை நான் கண்டுகொள்வதே இல்லை, சமுத்திரத்தில் பெருங்காயம். உங்களுடையதோ அரை ஓம், அதில் 0.3 என்றால் பாதிக்கு மேல் பொய். காட்டுவதில் அதைக் கழியுங்கள். 0.8-ல் 0.3 போனால் 0.5. கணக்கு சரியா?

குன்னூர் தம்பியிடம் ஒரு கேள்வி. இந்தப் பெட்டியில் பேட்டரி 4.2 வோல்ட் என்கிறீர்கள், அது இறங்க இறங்க ஆவி குறையாதா? எங்கள் சாயங்கால ஹீட்டர் மாதிரி?

குன்னூர் டு துபாய்:

அண்ணா, கேட்க வேண்டியதைத்தான் கேட்டீர்கள். இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் பேட்டரி நேராகக் காயிலோடு பேசும், நடுவில் எதுவும் கிடையாது. முழு சார்ஜில் 4.2 வோல்ட், இறங்கி 3.5 வந்தால் ஆவி மெலிந்துவிடும், 0.5 ஓமில் 35 வாட் இருந்தது 24.5 ஆகிவிடும். அசல் உங்கள் ஹட்டிக் கதை. அதில் சிலர் 0.2 ஓம், அதற்கும் கீழே காயில் சுற்றி மாட்டுவார்கள், 4.2 வகுத்தல் 0.2 என்றால் 21 ஆம்பியர். ஒரு சிறிய 18650 பேட்டரியில் இருந்து! 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் உயரம், அவ்வளவுதான் அது. நல்லது என்றால் 20, 25 ஆம்பியர் தாங்கும், போலி என்றால் கையிலேயே வெடிக்கும். அந்த ஆட்டம் நமக்கு வேண்டாம்.

இன்னொரு வகையில் நடுவே ஒரு சின்ன சர்க்யூட் இருக்கும். வாட்டைச் சொல்லிவிட்டால் போதும், காயிலின் ஓமை அதுவே அளந்து, வேண்டிய வோல்ட்டை அதுவே கொடுக்கும். நம்ம மான்செஸ்டர்க்காரர் பெட்டியிலும் வாட் முறை கண்டிப்பாக இருக்கும், வோல்ட்டை விட்டு அதற்கு மாறி 24 என்று வைத்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே வேலை இல்லை.

லவ்டேல் வயர்மேன்:

ஓ, அப்படியானால் அது ஸ்டெபிலைசர். தலையைச் சுற்றிச் சொல்கிறீர்கள்.

ஆனால் ஸ்டெபிலைசருக்கும் ஒரு குணம் உண்டு. 170 வோல்ட்டை 230 ஆக்கிக் கொடுக்கும், சும்மா கொடுக்காது, அந்தப் பக்கம் கூடுதல் ஆம்பியர் உறிஞ்சும். 1000 வாட்டுக்கு 230-ல் 4.3 ஆம்பியர் போதும், 170-ல் இருந்து எடுத்தால் 6 ஆம்பியர். ஒரு வீட்டில் ஸ்டெபிலைசர் போட்டால் பக்கத்து வீட்டில் லைட் இன்னும் மங்கும். நீங்கள் சொல்லும் பெட்டியிலும் பேட்டரி இறங்க இறங்கக் கூடுதலாக உறிஞ்சுமே?

குன்னூர் டு துபாய்:

உறிஞ்சும். 24 வாட்டுக்கு முழு பேட்டரியில் 6 ஆம்பியர் கிட்ட, 3.2 வோல்ட்டுக்கு இறங்கியபோது ஏழரை, சர்க்யூட்டின் சொந்தச் செலவு தனி. அதனால்தான் ஒரு அளவுக்குக் கீழே போனதும் பேட்டரி போதவில்லை என்று அணைந்துவிடுகிறது. அண்ணா, நீங்கள் இந்தத் தொழிலுக்கு வந்திருந்தால் எங்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டிருப்பீர்கள்.

எமரால்டு பையன்:

உயரக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. அப்போ அந்த லிக்விட்டும் சீக்கிரம் கொதிக்கும், வோல்ட்டைக் குறைக்க வேண்டும். சரியா?

குன்னூர் டு துபாய்:

யோசனை சரி, அளவுதான் சின்னது. பி.ஜி. கடல் மட்டத்தில் 188 டிகிரியில் கொதிக்கும், கிளிசரின் 290. மலையில் அது சில டிகிரி குறையும், அதற்காக வோல்ட்டைத் தொட வேண்டியதில்லை. குளிரில் லிக்விட் இறுகுவது இதைவிடப் பெரிய விஷயம்.

உயரம் விளையாடுவது வேறு இடத்தில். மேட்டுப்பாளையத்தில் சிப்ஸ் பாக்கெட் வாங்கி பர்லியார் தாண்டிப் பதினாலு கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்போது அது பலூன் மாதிரி உப்பியிருக்குமே, பார்த்திருப்பாய். டேங்குக்குள்ளும் காற்று இருக்கிறது, அதுவும் உப்பும், லிக்விட்டைக் கீழே தள்ளும், பையெல்லாம் பிசுபிசு. விமானத்திலும் இதே கதைதான். பறக்கும்போது கேபின் காற்றழுத்தம் பெரும்பாலும் 6000 முதல் 8000 அடி உயரத்துக்குச் சமமாக இருக்கும், ஊட்டி 7350 அடி சொச்சம். வானத்தில் போகும்போது பாதி ஊட்டியில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்.

வெலிங்டன் வக்கீல்:

விமானம் என்ற வார்த்தை வந்ததும் எழுதலாம் என்று காத்திருந்தேன். மான்செஸ்டர் தம்பி, வோல்ட்டெல்லாம் அப்புறம். அந்தப் பெட்டியை இங்கே கொண்டுவராதீர்கள்.

தமிழ்நாட்டில் 2018-லேயே தடை. அதற்குப் பிறகு மத்திய அரசு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் போட்டு, டிசம்பரில் அதை முழுச் சட்டமாக்கியது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது, விற்பது, விளம்பரம், எல்லாம் குற்றம். முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் என்றால் மூன்றாண்டு, 5 லட்சம். சேமித்து வைத்தால் தனிப் பிரிவு, ஆறு மாதம் வரை, 50,000 ரூபாய் வரை. இழுப்பது குற்றம் என்று தனியாக ஒரு வரி இல்லையே என்று சிலர் வாதம் பண்ணுவார்கள். வாதம் பண்ணுங்கள், ஆனால் கோயம்புத்தூர் விமான நிலையத்தில் சுங்கக்காரர் முன்னால் நின்றுகொண்டு பண்ணாதீர்கள். சூட்கேஸில் வைத்துக் கொண்டுவருவதும் இறக்குமதிதான்.

இன்னொரு வேண்டுகோள், யாரும் இங்கே எந்தக் கடையில் கிடைக்கும், யாரிடம் கேட்கலாம் என்று எழுத வேண்டாம். கணக்குப் பேசுவது வேறு, வழி காட்டுவது வேறு.

கேத்தி 77:

வக்கீலையா சொன்னதை வழிமொழிகிறேன். பைகாராவில் 1932-லிருந்து கரண்ட் எடுக்கிறோம், அப்புறம் குந்தா வந்தது, மாநிலத்துக்கே வெளிச்சம் கொடுத்த மலை இது. அந்தக் கரண்டில் ஹீட்டர் எரிய மாட்டேன் என்கிறது, இவர்கள் புகைக்கு ஸ்டெபிலைசர் பேசுகிறார்கள்.

அரவேணு அக்கா:

நான் மருந்தாளுநர். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, இந்த வோல்ட் பேச்சு சுவைக்காக மட்டும் இல்லை. 2015-இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மருத்துவ இதழில் கடிதம் எழுதினார்கள். ஒரே கருவி, 3.3 வோல்ட்டில் ஆவியைச் சோதித்தால் ஃபார்மால்டிஹைடை வெளியிடும் பொருள் அகப்படவில்லை. 5 வோல்ட்டில் நிறைய அகப்பட்டது. பிணவறையில் பயன்படுத்தும் அதே ஃபார்மால்டிஹைடுதான், அதிகச் சூட்டில் பி.ஜி.யும் கிளிசரினும் உடைந்து வருவது. அதற்கு மறுப்பும் வந்தது, 5 வோல்ட்டில் அந்தக் கருவி கருகும், கருகியதை எந்த மனிதனும் தொடர்ந்து இழுக்க மாட்டான் என்று. மறுப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து எனக்குப் புரிவது இதுதான்: அந்தக் கருகல் வாடை வந்தால் "இன்னும் ரெண்டு இழுப்பு பார்ப்போம்" என்று பார்க்கக் கூடாது. மான்செஸ்டர் தம்பி இரண்டு காயிலைக் கருக்கியிருக்கிறார், எத்தனை இழுப்பு இழுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் 2019-20-இல் அமெரிக்காவில் நுரையீரல் கெட்டு 68 பேர் இறந்தார்களே, அதைச் சொல்லி எல்லா லிக்விட்டும் விஷம் என்பார்கள். அங்கே பெரும்பாலும் காரணமாகக் கண்டது கஞ்சாச் சத்து கலந்த லிக்விட்டில் சேர்த்த வைட்டமின் இ அசிட்டேட். இரண்டையும் குழப்ப வேண்டாம். அதற்காக இது பால் குடிப்பது மாதிரி என்றும் நினைக்க வேண்டாம், சிகரெட் பிடிக்காதவர் இதைத் தொடவே கூடாது, எமரால்டு தம்பி, உன்னைத்தான் பார்க்கிறேன்.

இரண்டாவது, ஊருக்கு வரும்போது என்ன செய்வது. நிக்கோட்டின் சூயிங்கம் இங்கே மருந்துக்கடையில் கிடைக்கும், 2 மில்லிகிராமுக்குச் சீட்டு தேவையில்லை. எழுந்த அரை மணி நேரத்துக்குள் சிகரெட் தேடுகிற ஆள் என்றால் 4 மில்லிகிராம் தேவைப்படலாம், அதற்கு மருத்துவரைப் பாருங்கள். எல்லோரும் செய்யும் தப்பு, அதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருப்பது. விக்கல் வரும், வயிறு எரியும், "இது வேலைக்காகாது" என்று தூக்கி எறிவார்கள். நாலைந்து முறை மென்று, காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைத்துவிட வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்லுவது, அப்படி அரை மணி நேரம்.

ஒரு சிக்கல், நம்ம ஊரில் பெரிய சிக்கல்: மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து டீ, காபி, பழச்சாறு கூடாது. வாய் புளிப்பானால் மருந்து ஏறாது. கோத்தகிரியில் எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காரும் முன் டீ வந்துவிடும், வர்க்கியோடு. எப்படிச் சமாளிப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

புகையிலை விட உதவும் தேசிய இலவச எண் 1800-11-2356, தமிழிலும் பேசலாம். வெட்கப்படாமல் கூப்பிடுங்கள்.

மான்செஸ்டர் கோத்தகிரி:

அக்கா, உண்மையைச் சொல்கிறேன், முதல் காயிலில் ஒரு பத்து இழுப்பாவது இழுத்திருப்பேன். காசு கொடுத்து வாங்கியது என்று.

வக்கீல் சார், நன்றி. தடை என்று தெரியும், இவ்வளவு என்று தெரியாது. பெட்டியை இங்கே அறை நண்பனிடம் கொடுத்துவிட்டு வருகிறேன், சூயிங்கம் இங்கேயே இருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். வாட் முறை கண்டுபிடித்துவிட்டேன், 23-ல் ஓடுகிறது, நான்கு நாளாகக் கருகல் இல்லை.

வயர்மேன் அண்ணா, உங்கள் கதையைப் படித்ததிலிருந்து எனக்குப் பயம். எங்கள் வீட்டிலும் 1000 வாட் ஹீட்டர்தான், அம்மா சாயங்காலம் சூடே இல்லை என்கிறார். போன வருடம் யாரோ வந்து காயில் மாற்றினார்களாம்.

லவ்டேல் வயர்மேன்:

வந்ததும் முதல் வேலை, ஹீட்டரைப் பிளக்கில் இருந்து உருவிவிட்டு, அதன் இரண்டு முனையிலும் ஓம் பாருங்கள். 50-க்கு மேல் இருந்தால் சரி. 30 கிட்ட இருந்தால் அதைத் தொடாதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள். அப்புறம் சாயங்காலம் ஏழரைக்கும் விடியற்காலை நாலரைக்கும் சாக்கெட்டில் வோல்ட் பாருங்கள். மீட்டர் ஏ.சி. பக்கம் திருப்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள், ஓம் பக்கத்திலேயே வைத்துச் சாக்கெட்டில் சொருகிவிடாதீர்கள், மீட்டர் புகை விடும். அதற்கு வாட் முறை கிடையாது.

எமரால்டு பையன்:

அண்ணா இன்னொரு சந்தேகம், சூடானால் ஓம் மாறாதா? குண்டு பல்பில் மாறும் என்று படித்தேன்.

லவ்டேல் வயர்மேன்:

பல்பில் பத்து மடங்குக்கு மேல் ஏறும், அது டங்ஸ்டன். ஹீட்டரில் போடுவது நிக்ரோம், சிவக்கச் சூடேறினாலும் சில சதவீதம்தான் ஏறும், அதனால்தான் நிம்மதியாகக் கணக்குப் போட முடிகிறது.

குன்னூர் டு துபாய்:

எங்கள் ஆட்கள் இதை வைத்தே ஒரு வித்தை செய்கிறார்கள். நிக்கல், டைட்டானியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியில் சூட்டுக்கு ஏற்ப ஓம் ஏறும், அதை அளந்து சர்க்யூட் எத்தனை டிகிரி என்று கண்டுபிடித்துக் கருகும் முன் நிறுத்திவிடும். நிக்ரோமிலும் காந்தல் (Kanthal) என்கிற இன்னொரு கலவைக் கம்பியிலும் அந்த வித்தை பலிக்காது, ஓம் அசையாதே. அந்த முறையை வைத்துக்கொண்டு காந்தல் காயில் போட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்று அழுகிறவர்கள் ஆயிரம் பேர்.

மான்செஸ்டர் கோத்தகிரி:

(மூன்று வாரம் கழித்து, கோத்தகிரியிலிருந்து)

அளந்தாயிற்று. ஹீட்டர் 34 ஓம். சாயங்காலம் ஏழரைக்கு 168 வோல்ட், காலை நாலரைக்கு 236. வயர்மேன் அண்ணாவின் வாய்பாடு இப்போது எனக்கு மனப்பாடம்: சாயங்காலம் 830 வாட், விடியற்காலை 1640. அம்மா ராத்திரி அணைக்காமல் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், ஒரு முனை பழுப்பாக இருக்கிறது. ஹீட்டரை மாடிப்படிக்குக் கீழே வைத்துப் பூட்டிவிட்டேன்.

அக்கா, சூயிங்கம் ஒன்பதாவது நாள். இன்று காலை மூன்று வீட்டுக்குப் போனேன், மூன்று டீ. வாயில் ஒதுக்கியதைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் பெரியம்மா முன்னால் நான் பட்ட பாடு... கடைசியில் "பல் வலி" என்று சொல்லிவிட்டேன். இப்போது ஊர் முழுக்கக் கிராம்பு கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

அரவேணு அக்கா:

கிராம்பை மெல்லுங்கள், வாய்க்கு ஒரு வேலை. டீயை முதலில் குடித்து முடித்துவிட்டு, கால் மணி நேரம் கதை பேசிவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது சூயிங்கம். பெரியம்மாவுக்குத் தெரியாது.

லவ்டேல் வயர்மேன்:

தம்பி, ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி பக்கம் ஒரு வேலை இருக்கிறது, பத்து மணிக்கு வருகிறேன். 53 ஓம் காயில் ஒன்று, 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்று எடுத்து வருவேன். உங்கள் லைனில் எந்த ஃபேஸில் (மூன்று மின்கம்பியில் எதில்) சுமை அதிகம் என்று பார்த்து லைன்மேனிடம் மாற்றித் தரக் கேட்கலாம், அதில் இருபது முப்பது வோல்ட் ஏறினாலும் ஏறும். அந்தப் பழுப்பான பிளக்கை எறிந்துவிடாதீர்கள், எனக்கு வேண்டும். டீ மட்டும் போதும், வர்க்கி வேண்டாம், சர்க்கரை இருக்கிறது.